அழித்த ஊரின் பெயரில் ஓர் அரங்கம்

ஒரு குடியிருப்பை இடித்துத் தரைமட்டமாக்குகிறார்கள். அங்கே வாழ்ந்தவர்களைத் துரத்துகிறார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, அதே மண்ணில் பெரிய ஓட்டலும் அரங்கமும் கட்டத் திட்டம் போடுகிறார்கள். அந்தத் திட்டத்துக்கு, துரத்தப்பட்டவர்கள் வாழ்ந்த குடியிருப்பின் பெயரையே வைக்கிறார்கள். கட்டுவதற்கான பணத்தையோ, துரத்தப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் நடக்கும் தெருவுக்கும் போக வேண்டிய வரியிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள்.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் 2017 முதல் 2020 வரை நடந்தது. திட்டத்தின் பெயர் 'நேவி ஹில்'. மொத்த மதிப்பு 150 கோடி டாலர். பின்னால் நின்றவர்கள் அந்த மாநிலத்தின் பெரும் செல்வாக்கு படைத்த முதலாளிகள். முன்னால் நின்றவர் ஒரு இளம் கறுப்பின மேயர். எதிரே நின்றவர்கள் ஆசிரியர்கள், பெற்றோர்கள், வாடகைக்குக் குடியிருப்போர், பொழுது போனால் நகராட்சி ஆவணங்களைப் படித்துக் கணக்குப் போடும் சில பிடிவாதக்காரர்கள். 2020 பிப்ரவரியில் நகரமன்றம் திட்டத்தைத் தூக்கி எறிந்தது.

அமெரிக்காவின் ஏதோ ஒரு நகரத்து அரங்கத்தைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? ஒடுக்கப்பட்டோரின் நிலமும் பெயரும் வரியும் ஒரே திட்டத்தில் எப்படிக் களவு போகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் குறைவு. கணக்குக் கேட்டே அதைத் தடுத்து நிறுத்தியவர்களின் அனுபவமும் நமக்குத் தேவை.

முதலில் நெடுஞ்சாலை வந்தது

ரிச்மண்ட் சாதாரண நகரமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்து போன தென் மாநிலங்களின் தலைநகரம் அது. போருக்கு முன்பு, அங்குள்ள ஷாக்கோ பாட்டம் என்ற பகுதி நாட்டின் மிகப்பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்றாக இருந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகு, அதே நகரத்தில் கறுப்பின மக்கள் தமக்கென ஓர் உலகத்தைக் கட்டினார்கள். ஜாக்சன் வார்டு என்ற பகுதியில் அவர்களுக்கென வங்கிகள், செய்தித்தாள்கள், திரையரங்குகள், தேவாலயங்கள் எழுந்தன. மேகி வாக்கர் என்ற கறுப்பினப் பெண் 1903இல் அங்கே ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். பெயரிலேயே 'பென்னி', அதாவது காசு, இருந்தது. சலவை செய்தும் வீட்டு வேலை செய்தும் சேர்த்த சில்லறைக் காசுகளால் எழுந்த வங்கி அது. நேவி ஹில் அந்த ஜாக்சன் வார்டை ஒட்டி இருந்த கறுப்பினக் குடியிருப்பு.

1950களில் அந்த வழியாக ஒரு விரைவுச் சாலை போட வேண்டும் என்றார்கள். 1950இலும் 1951இலும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் ரிச்மண்ட் வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு வாக்களிக்கவே தலைவரி கட்ட வேண்டும் என்ற சட்டத்தின் மூலம் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் திட்டம் தோற்றது. மாநிலச் சட்டமன்றம் என்ன செய்தது? 1954இல் சாலைக்கென்று தனியாக ஓர் ஆணையத்தை உருவாக்கியது. ஆணையம் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டலாம், நிலத்தை எடுக்கலாம், சுங்கம் வசூலித்துக் கடனை அடைக்கலாம். மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை.

1958இல் சாலை திறக்கப்பட்டது. ஜாக்சன் வார்டு இரண்டாகப் பிளந்தது. சுமார் ஆயிரம் வீடுகள் போயின. நேவி ஹில்லின் மேட்டையே வெட்டிச் சரித்தார்கள். அந்தக் குடியிருப்பு வரைபடத்திலிருந்து மறைந்தது. சிக்ஸ்த் மவுண்ட் சயன் என்ற தேவாலயம் மட்டும் தப்பியது. சாலை அதைச் சுற்றி வளைந்து போகிறது. கில்பின் கோர்ட் என்ற அரசுக் குடியிருப்பு சாலைக்கு வடக்கே தனித்துத் துண்டாகிப் போனது. நகரத்தின் வறுமை மிகுந்த பகுதிகளில் ஒன்றாக இன்றும் அது இருக்கிறது.

சாலை விட்டுவைத்த மிச்சத்தை 'நகர்ப்புறப் புதுப்பிப்பு' எடுத்துக்கொண்டது. 1971இல் அங்கே கொலிசியம் என்ற உள்விளையாட்டு அரங்கம் திறக்கப்பட்டது. நகரின் மையத்துக்கு உயிர் கொடுக்கும் என்றார்கள். 1985இல் அதன் அருகே ஒரு பெரிய வணிக வளாகம் வந்தது. வெள்ளையர் பகுதியையும் கறுப்பினத்தவர் பகுதியையும் பிரிக்கும் பிராட் வீதியின் மேலே பாலம் போட்டு, இது ஒற்றுமையின் சின்னம் என்றார்கள். இருபது ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்காமல் பாலத்தையும் இடித்தார்கள். கொலிசியம் பழுதடைந்து 2019 தொடக்கத்தில் பூட்டப்பட்டது.

ஆக, ஒரே மண்ணின் மீது மூன்று முறை 'வளர்ச்சி' நடந்தது. மூன்று முறையும் பொதுப்பணம் செலவானது. நான்காவது முறை வந்ததுதான் நேவி ஹில் திட்டம்.

ஒரே ஒரு விண்ணப்பம்

2017 நவம்பரில் மேயர் லெவர் ஸ்டோனி, கொலிசியத்தைச் சுற்றியுள்ள நகராட்சி நிலத்தை மேம்படுத்த முன்மொழிவுகள் கோரினார். வந்தது ஒன்றே ஒன்று. அதை அனுப்பிய குழுவின் தலைவர் டாம் ஃபேரல். வர்ஜீனியாவுக்கு மின்சாரம் விற்கும் டொமினியன் எனர்ஜி நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. மாநில அரசியலில் கட்சி வேறுபாடின்றி நன்கொடை கொடுத்துவந்த நிறுவனம் அது.

போட்டியில்லாமல் ஒரே விண்ணப்பம் வந்தால் சாதாரணமாக என்ன செய்ய வேண்டும்? ஏன் வேறு யாரும் வரவில்லை என்று கேட்டு, நிபந்தனைகளை மாற்றி மறுபடி அழைக்க வேண்டும். ரிச்மண்டில் அந்த ஒரே விண்ணப்பதாரரோடு மூடிய கதவுக்குள் பேச்சுவார்த்தை நடந்தது. 2018 தொடக்கத்தில் வந்த முன்மொழிவு, ஒப்பந்தமாக நகரமன்றத்தின் முன் வைக்கப்பட்டது 2019 ஆகஸ்டில். அரங்கத்துக்குப் பணம் தரப்போகும் மக்கள் ஒன்றரை ஆண்டுக்காலம் வதந்திகளையும் வண்ணப் படங்களையும் வைத்தே அதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

திட்டத்தில் என்ன இருந்தது? 17,500 இருக்கைகள் கொண்ட அரங்கம், 500 அறைகளுக்கு மேல் கொண்ட ஓட்டல், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள், அலுவலகக் கட்டடங்கள், பேருந்து மாற்று நிலையம். பல்லாயிரம் வேலைகள் கிடைக்கும் என்றார்கள். இவ்வளவு பெரிய அரங்கத்தில் யார் விளையாடுவார்கள்? கூடைப்பந்தோ பனி ஹாக்கியோ, பெரிய தொழில்முறை அணி எதுவும் ரிச்மண்டில் இல்லை. வருவதாக எந்த அணியும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. நிரந்தரமாகப் பயன்படுத்த ஓர் அணியே இல்லாமல் மாநிலத்தின் மிகப்பெரிய அரங்கத்தைக் கட்டக் கிளம்பியிருந்தார்கள்.

வரி உயராது என்றால் பணம் எங்கிருந்து?

திட்டத்தை ஆதரித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: வரி ஒரு காசுகூட உயராது, நகராட்சிக்கு எந்த ஆபத்தும் இல்லை. இரண்டுமே சட்டப்படி உண்மை. அந்த உண்மை எதை மறைத்தது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்குப் போதும்.

உங்கள் தெருவிலிருந்து நகராட்சிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் சொத்து வரி போகிறது என்று வையுங்கள். நகராட்சி ஒரு கோடு போடுகிறது: இனி முப்பது ஆண்டுகளுக்கு இந்தத் தெருவிலிருந்து பொதுக் கணக்குக்கு வருவது இந்த ஒரு லட்சம் மட்டும். நிலத்தின் விலை ஏறி, புதுக் கட்டடங்கள் வந்து, வரி ஒன்றரை லட்சமானால், கூடுதலான ஐம்பதாயிரம் அரங்கத்துக்கு வாங்கிய கடனை அடைக்கப் போகும். ஆசிரியர் சம்பளம் ஆண்டுதோறும் உயரும். குப்பை வண்டிக்கு எண்ணெய்ச் செலவு உயரும். உங்கள் தெருவின் பங்கு மட்டும் உறைந்து நிற்கும். அந்தப் பள்ளத்தை மற்ற தெருக்காரர்கள் நிரப்ப வேண்டும், அல்லது பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறைக்கு அமெரிக்காவில் 'டாக்ஸ் இன்கிரிமெண்ட் ஃபைனான்சிங்' என்று பெயர். வரியின் வளர்ச்சியை முன்கூட்டியே அடகு வைப்பது என்று நாம் தமிழில் சொல்லலாம்.

அரங்கத்தின் கட்டுமானச் செலவு சுமார் 23.5 கோடி டாலர். அதற்காக வாங்கவிருந்த கடன் சுமார் 31 கோடி டாலர். முப்பது ஆண்டு வட்டி அதற்கு மேல். இந்தக் கடனுக்காகக் கோடு போட்டது அரங்கத்தைச் சுற்றிய நான்கைந்து தெருக்களுக்கு அல்ல; நகர மையத்தின் 80 பிளாக்குகளுக்கு. அந்த 80 பிளாக்குகளுக்குள் டொமினியன் நிறுவனத்தின் புதிய அலுவலகக் கோபுரமும் இருந்தது. அரங்கம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கோபுரம் வந்திருக்கும். நகரமன்றத்தின் முன் திட்டம் வந்தபோது அது எழுந்தே நின்றது. அது தரும் புதிய வரி இயல்பாகவே பள்ளிக்கும் சாலைக்கும் வரவேண்டிய பணம். அதை அரங்கத்தின் கணக்கில் எழுதிவிட்டு, அரங்கம் தன் சொந்தக் காலில் நிற்கிறது என்றார்கள்.

அரங்கம் இல்லாவிட்டாலும் இந்த வரி வந்திருக்குமா? திட்டத்தை எதிர்த்தவர்கள் விடாமல் கேட்ட கேள்வி இதுதான். வந்திருக்கும் என்றால் அது திட்டத்தின் விளைவல்ல, திட்டம் எடுத்துக்கொண்டது. எதிர்ப்பு முற்றியபோது கடைசி நேரத்தில் அந்த எல்லையைச் சுருக்க முன்வந்தார்கள். 80 பிளாக்குகள் தேவையே இல்லை என்றால் முதலில் எதற்குக் கேட்டார்கள்?

கடன் வாங்கவிருந்தது யார் என்பதையும் பாருங்கள். நகராட்சி நேரடியாக அல்ல. நகரத்தின் பொருளாதார மேம்பாட்டு ஆணையம். எனவே அது நகராட்சியின் கடன் கணக்கில் ஏறாது, வரவேண்டிய வருவாய் வராவிட்டால் நகராட்சி பொறுப்பல்ல என்றார்கள். மக்களின் ஓட்டுக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆணையத்தின் பெயரில் கடன் வாங்கித்தான் 1950களில் சாலை போட்டார்கள். 2019இல் அரங்கம் கட்டக் கையில் எடுத்ததும் அதே கருவி.

அதே நேரத்தில் ரிச்மண்ட் பள்ளிகளின் நிலை என்ன? இடிந்து விழும் கட்டடங்கள் ஏராளம். 2017 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களைச் சீரமைக்கத் திட்டம் வேண்டும் என்று நடந்த வாக்கெடுப்பில் சுமார் 85 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அதே மாதத்தில்தான் மேயர் அரங்கத்துக்கு முன்மொழிவு கோரினார். மூன்று மாதம் கழித்து, பள்ளி கட்டுவதற்காக உணவக உணவின் மீதான வரி 6 விழுக்காட்டிலிருந்து 7.5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்தப் பணத்தில் 3 புதிய பள்ளிகள் கட்டப்பட்டன, நல்லதுதான். ஆனால் முறையைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் மக்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அரங்கம் வேண்டுமென்றால் முப்பது ஆண்டு வரி வளர்ச்சியை அடகு வைக்கலாம். உபரி வந்தால் அதில் பாதி பள்ளிகளுக்கு என்று வாக்குறுதி தந்தார்கள். உபரி என்பது கடன்காரர்கள் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது. பந்தியில் கடைசி வரிசை எப்போதும் யாருக்கு ஒதுக்கப்படும் என்பது நமக்குத் தெரியாததா?

யாருக்கு மலிவு?

திட்டத்தில் 480 'மலிவு வீடுகள்' இருந்தன. மலிவு என்பதை யாருடைய வருமானத்தை வைத்து அளந்தார்கள்? அமெரிக்காவில் இதற்கான அளவுகோல் வட்டாரத்தின் நடுமட்டக் குடும்ப வருமானம். வட்டாரம் என்றால் நகரம் மட்டுமல்ல, வெள்ளையர்கள் ஓடிப்போய்க் குடியேறிய வசதியான புறநகர்களும் சேர்ந்தது. எனவே அளவுகோலே உயரத்தில் நிற்கிறது. அதில் அறுபது, எண்பது விழுக்காடு வருமானம் உள்ளவருக்குக் கட்டுப்படியாகும் வீட்டை மலிவு வீடு என்று அழைத்தார்கள். அந்த வாடகையை இளம் வங்கி ஊழியர் கொடுக்க முடியும். கில்பின் கோர்ட்டில் வாழும், துப்புரவு வேலை செய்யும் தாயால் முடியாது. ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்ந்த நகரம் அது. நெடுஞ்சாலைக்கு வடக்கே இருந்தவர்களின் பாட்டன் நிலத்தில் வீடு வரும். அதில் அவர்களுக்கு அறை இருக்காது.

கறுப்பின மேயர் என்றால்?

இந்த இடத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் தடுமாறுவோம். திட்டத்தை முன்வைத்த மேயர் கறுப்பினத்தவர். கறுப்பினத் தேவாலயத் தலைவர்கள் சிலர் ஆதரித்தார்கள். சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 30 கோடி டாலர் அளவுக்கு ஒப்பந்தம் தருவதாக வாக்குறுதி இருந்தது. காலம் காலமாக எல்லா ஒப்பந்தங்களும் வெள்ளையர் கைக்கே போன நகரத்தில் இது சின்ன விஷயமல்ல. அந்த ஒப்பந்தக்காரர்களின் ஏக்கத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. எங்கள் ஆள் மேலே வந்ததும் மட்டும் கணக்குக் கேட்கிறீர்களே என்று அவர்கள் கேட்டால், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் ரிச்மண்டுக்கு இதில் முன்னனுபவம் உண்டு. 2013இல், ஸ்டோனிக்கு முன்பிருந்த மேயர் டுவைட் ஜோன்ஸ், அவரும் கறுப்பினத்தவர், ஷாக்கோ பாட்டத்தில் பேஸ்பால் மைதானம் கட்டத் திட்டம் கொண்டுவந்தார். அடிமைகளை அடைத்து வைத்து விற்ற இடத்தின் அருகே மைதானம்! கறுப்பின மக்களே அதை எதிர்த்து எழுந்தார்கள். எங்கள் முன்னோர் விற்கப்பட்ட மண்ணில் விளையாட்டு வேண்டாம், நினைவிடம் வேண்டும் என்றார்கள். திட்டம் நின்றது. அதே 2013இல் ஒரு தொழில்முறை கால்பந்து அணியின் கோடைக்காலப் பயிற்சி முகாமுக்காக நகராட்சி சுமார் ஒரு கோடி டாலர் செலவில் வளாகம் கட்டிக் கொடுத்தது. அணி வந்து போக ஆண்டுதோறும் பணமும் கொடுத்தது. சில வாரப் பயிற்சிக்கு ஏழை நகரம் பணக்கார அணிக்குப் படியளந்தது. கொலிசியத்துக்கு மாற்றாக இன்னொரு கனவை விற்க வந்தபோது, மக்கள் இவற்றையெல்லாம் மறக்கவில்லை.

நாற்காலியில் நம்மவர் அமர்வது முக்கியம். அதற்காகத்தான் தலைமுறை தலைமுறையாகப் போராடுகிறோம். ஆனால் அவர் மேசைக்கு வரும் காகிதத்தை யார் எழுதினார்கள் என்ற கேள்வி அதோடு முடிந்துவிடுவதில்லை. நேவி ஹில் ஒப்பந்தத்தின் எல்லையை, வட்டியை, முன்னுரிமையை வகுத்தது மின்சார நிறுவனத் தலைவரின் குழு. அந்த விதிகளுக்குள் கறுப்பின ஒப்பந்தக்காரருக்கு ஒரு பங்கு, கறுப்பினக் குடியிருப்பின் பெயருக்கு ஒரு பலகை. ஒடுக்கப்பட்டவரின் பெயர் முகப்பில் இருந்தால் கேள்வி கேட்பவரையே ஒடுக்கப்பட்டோரின் எதிரியாகக் காட்டிவிடலாம். நேவி ஹில் என்ற பெயர் செய்த வேலை அதுதான்.

கணக்குக் கேட்டவர்கள்

எப்படித் தடுத்தார்கள்? பெரிய கட்சி எதுவும் வழிநடத்தவில்லை. ஒப்பந்தம் வெளிவந்ததும் நூற்றுக்கணக்கான பக்கங்களை ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துப் படித்தார்கள். எளிய மொழியில் எழுதிப் பரப்பினார்கள். வெளிவராத ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார்கள். நகரமன்றம் 9 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தது. அது பொதுவில் கூடி, வருவாய்க் கணிப்புகளை ஒவ்வொன்றாகக் கேள்விக்கு உட்படுத்தியது. கூட்டம் நடக்கும் இரவுகளில் மக்கள் வரிசையில் நின்று தங்கள் சில நிமிடங்களைப் பேசினார்கள். ஆசிரியர் பள்ளியைப் பற்றிப் பேசினார், வாடகைக்கு இருப்பவர் வாடகையைப் பற்றிப் பேசினார், வழக்கறிஞர் வட்டியைப் பற்றிப் பேசினார்.

சட்டத்தில் ஒரு பிடி இருந்தது. நகராட்சி நிலத்தை விற்க 9 உறுப்பினர்களில் 7 பேரின் ஓட்டு வேண்டும். அதாவது 3 பேர் உறுதியாக நின்றால் போதும். 2020 ஜனவரியில் 5 பேர் எதிர்ப்பைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். திட்டத்தைத் திரும்பப் பெற்று, மக்களைக் கலந்து, முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார்கள். மேயர் தரப்பு கடைசி வரை போராடியது. பிப்ரவரியில் நகரமன்றம் நிராகரித்தது.

அடுத்த மாதமே கொரோனா வந்தது. அரங்கங்கள் மூடின, ஓட்டல்கள் காலியாயின, அலுவலகங்கள் வீட்டுக்குப் போயின. பெரும் அலுவலகக் கட்டடங்களின் வரியை நம்பியிருந்த திட்டம் அது. கொள்ளை நோய் வருமென்று யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் கணிப்பு பொய்த்தால் என்ன ஆகும் என்று சில மாதங்களுக்கு முன்பே கேட்டவர்களைப் 'வளர்ச்சியின் எதிரிகள்' என்றார்கள் என்பதை நினைவில் வைப்போம்.

எதிர்ப்பு தோற்றிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெட்ராய்ட் இருக்கிறது. மக்கள்தொகையில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். 2013 ஜூலையில் அந்த நகரம் திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில் மாநில வாரியம் ஒன்று புதிய ஹாக்கி அரங்கத்துக்காக 45 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தது. ஓய்வூதியக்காரர்கள் தங்கள் ஓய்வூதியம் வெட்டப்படுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பீட்சா நிறுவன முதலாளிக் குடும்பத்தின் அணிக்காக எழுந்த அரங்கத்தில் சுமார் 32 கோடி டாலர் பொதுப்பணம் போனது. பள்ளிகளுக்கான வரியின் ஒரு பகுதியும் அதில் அடக்கம். 2017இல் அரங்கம் பளபளவென்று திறந்தது. அதைச் சுற்றி வருவதாகச் சொன்ன புதிய குடியிருப்புகளில் பெரும்பகுதி வரவில்லை. அந்த நிலங்கள் ஆண்டுக்கணக்கில் கார் நிறுத்துமிடங்களாகக் கிடந்தன.

ரிச்மண்டில் வெற்றிக்குப் பிறகு என்ன? உண்மையைச் சொல்ல வேண்டும். கொலிசியம் அதற்குப் பிறகும் பூட்டியே கிடந்தது. கில்பின் கோர்ட் மக்களுக்கு நல்ல வீடு கிடைத்துவிடவில்லை. ஒரு கெட்ட திட்டத்தை நிறுத்துவது நல்ல திட்டத்தைத் தந்துவிடாது. ஆனால் முப்பது ஆண்டு வரி மக்கள் கையிலேயே இருக்கிறது. அதை எதற்குச் செலவழிப்பது என்ற சண்டையை அவர்கள் இன்னும் போட முடியும். அடகு வைத்திருந்தால் சண்டை போடக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அம்பேத்கரும் வரவு செலவும்

நமக்கும் கறுப்பின மக்களுக்கும் உள்ள உறவு பழையது. 1873இல் ஜோதிபா புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். எதற்காக? அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படிகளை அனுப்ப முடியுமா என்று கேட்டு. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எழுந்தபோது பெயரையே அங்கிருந்து எடுத்தார்கள். அவர்களின் துயரத்தைப் படித்தோம், எழுச்சியைப் படித்தோம், பாடலைக் கேட்டோம். அவர்கள் வரவு செலவுத் திட்டத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் நாம் படிக்க வேண்டும்.

அது நமக்குப் புதிதும் அல்ல. சட்ட மேதை என்று நாம் கொண்டாடும் அம்பேத்கர், அதற்கு முன்பே பொதுநிதி அறிஞர். 1925இல் வெளியான அவருடைய நூல் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றியது. வரியை யார் கட்டுகிறார்கள், யாருக்காகச் செலவாகிறது, முடிவெடுப்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விகளை அந்த இளைஞர் புள்ளிவிவரங்களோடு கேட்டார். அவருடைய சிலைக்கு மாலை போடும் நாம், அவர் படித்த பாடத்தைக் கணக்காளர்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் விட்டுவிட்டோம்.

வளர்ச்சித் திட்டம் என்று எதைக் கண்டாலும் நாம் முதலில் கேட்பது 'எங்களுக்கு எவ்வளவு பங்கு?' என்பது. அது அவசியமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இருக்கின்றன. இந்த நிலம் முதலில் யாருடையது? திட்டத்தை எழுதியது யார், எத்தனை பேர் போட்டியிட்டார்கள்? இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய பணத்தை இதன் சாதனையாகக் காட்டுகிறார்களா? கணிப்பு பொய்த்தால் முதலில் யாருடைய பணம் போகும், கடைசியில் யாருக்கு மிச்சம்? மலிவு என்றால் எந்தச் சம்பளக்காரருக்கு மலிவு? கடன் யார் பெயரில், அவர்களை ஓட்டுப் போட்டு நீக்க நம்மால் முடியுமா? இந்தக் கேள்விகளைக் கேட்க பொருளாதாரத்தில் பட்டம் தேவையில்லை. ரிச்மண்டில் கேட்டவர்களில் பலருக்கும் அது இருக்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம்மிடமும் இருக்கிறது, 2005 முதல். நம் நகரங்களின் ஓரத்துக்கு யார் துரத்தப்படுகிறார்கள், அவர்கள் விட்டுச்சென்ற ஆற்றங்கரையில் என்ன எழுகிறது என்பதும் நமக்குத் தெரியும். அடுத்த முறை ஓர் ஊரில் ஒடுக்கப்பட்டோரின் பெயரைத் தாங்கிய பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது, கைதட்டுவதற்கு முன்னால் நான்கு பேர் சேர்ந்து அந்த ஒப்பந்தத்தின் படியை எழுதிக் கேளுங்கள். கிடைத்ததும் பக்கங்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.